ஐடிஐ டு பி.இ.: ரூட் இருக்கு... ஷிஃப்ட்தான் விடமாட்டேங்குது!

குன்றத்தூர் பக்கம் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பசங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் என்று ஐடிஐ முடித்தவர்கள் அதில் நிறைய. 'ஐடிஐ-யா? அதோட படிப்பு முடிஞ்சுது' என்பது நம்ம ஊர்ப் பேச்சு. விதிமுறை அப்படிச் சொல்லவில்லை.

பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ படித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.-யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. கணக்குப் போடுங்க: 2+2+3, மொத்தம் ஏழு வருஷம். பிளஸ் டூ வழியில் போனால் ஆறு. வித்தியாசம் ஒரே ஒரு வருஷம்தான்! அதற்குள் கையில் ஒரு தொழிலும் இருக்கும்.

அப்புறம் எங்கே இடிக்குது?

முதலில் சம்பளம். டிப்ளமோ என்றால் பகல் வகுப்பு; வேலையை விடணும். மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் எப்படி விடுவார்? இதற்காகத்தான் வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேர இன்ஜினீயரிங் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ 2023-இல் வழி திறந்தது. நல்ல விஷயம். ஆனால் அது டிப்ளமோ முடித்தவருக்கே அதிகம் உதவும். அதைவிட, வாரா வாரம் ஷிஃப்ட் மாறும் ஒருவர் மாலை ஆறு மணி வகுப்புக்கு எப்படி வருவார்? செகண்ட் ஷிஃப்ட் வாரம் முழுக்க ஆப்சென்ட்தான்.

அடுத்தது கணக்கு. லேட்டரல் என்ட்ரியில் முதல் வருஷத்தைத் தாண்டி வருவதால், மூன்றாவது செமஸ்டரில் ஃபூரியர் தொடர் நேரே முகத்தில் வந்து மோதும். பத்தாவதோடு பள்ளிக் கணக்கை விட்டவருக்கு இது திறமைக் குறைவு இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கும் பள்ளம்.

2023 ஜூலையில் 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்தின் தொடக்க விழா நடந்தது ஒரகடத்தில்தான். ரோபோட்டிக்ஸ், சிஎன்சி எல்லாம் வந்தது. அந்த லேபுக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு பிரிட்ஜ் கோர்ஸ் நடத்த பெரிய செலவா ஆகும்?

ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் டைம்லரின் தாய்நாட்டைப் பாருங்கள். தொழிற்பயிற்சியும் மூன்று வருட அனுபவமும் இருந்தால், பள்ளி இறுதிச் சான்று இல்லாமலே அதே துறையில் பட்டப்படிப்புக்குப் போக வழிசெய்ய, 2009-இல் ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே வேலை அனுபவம் ஒரு தகுதி. இங்கே அதை 'படிப்பில் கேப்' என்கிறோம்.

என்னைக் கேட்டால், பந்து இப்போது கம்பெனிகள் பக்கம். குன்றத்தூர், தண்டலம், பென்னலூர் என்று இந்த ரோட்டில் இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை. படிக்கிறவருக்கு மட்டும் ஷிஃப்ட்டை மாற்றாமல் நிலையாகக் கொடுங்கள். அல்லது ஒரே பாடத்தைக் காலையும் மாலையும் நடத்த ஒரு காலேஜோடு பேசுங்கள். கேன்டீன், பஸ் எல்லாம் ஷிஃப்ட்டுக்கு ஏற்ப ஓடும்போது வகுப்பு ஓடாதா?

இந்த வருஷம் ஐடிஐ முடிக்கிற தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் ஒரு தகவல்: பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐ-யும் முடித்தவர், தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெற 2022-இல் தமிழ்நாடு அரசு வழி செய்திருக்கிறது. பி.ஏ., பி.காம். போக அது போதும். கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னாடியே விண்ணப்பத்தைப் போட்டுடச் சொல்லுங்க.