பீர்மேடு: கண்டறியும் கருவி மலை மேல், காக்கும் சிகிச்சை மலைக்குக் கீழே

பீர்மேடு (கேரளா): பிறந்த குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் சிறு கருவியைப் பொருத்தி, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவை அறியச் சில நிமிடங்கள் போதும். அளவு குறைவாக இருந்தால், அக்குழந்தையைக் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப் பீர்மேட்டில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இந்தத் தேயிலைத் தோட்டப் பகுதியில், நோயைக் கண்டறிவதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையிலான நேரமே குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கிறது.

மாநில சராசரி மறைப்பது என்ன?

2023-ம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு அமைப்பின் அறிக்கைப்படி, கேரளத்தில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 5 குழந்தைகள் ஒரு வயதுக்குள் உயிரிழக்கின்றன. தேசிய சராசரி 25. இந்த அளவுக்குக் குறைந்த பிறகு, எஞ்சும் மரணங்களில் குறைப்பிரசவமும் பிறவிக் குறைபாடுகளும் முக்கியக் காரணங்களாகின்றன. தடுப்பூசியோ சத்துணவோ மட்டும் இவற்றைத் தடுக்காது. உரிய நேரத்தில் தீவிர சிகிச்சை தேவை.

சராசரி எல்லா இடத்துக்கும் பொருந்துவதும் இல்லை. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடியினக் குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, நாட்டிலேயே சிறந்த சுகாதாரக் குறியீடுகளைக் கொண்ட மாநிலத்துக்குள் இப்படியும் ஒரு பகுதி இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது.

என்னென்ன பரிசோதனைகள்?

18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கேரள அரசு இதை விரிவாக்கி, 'சலபம்' என்ற பெயரில் பச்சிளம் குழந்தைகளுக்கான முழுமையான பரிசோதனைத் திட்டத்தை நடத்துகிறது. வெளிப்படையான பிறவிக் குறைபாடுகள், செவித்திறன், ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றுடன், குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்தின் மூலம் தைராய்டு சுரப்புக் குறைபாடு உள்ளிட்டவையும் சோதிக்கப்படுகின்றன.

ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, கைக்கும் காலுக்கும் இடையிலான வேறுபாடு 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இயல்பு நிலை எனக் கொள்ளப்படும். 90 சதவீதத்துக்குக் கீழே சென்றால் உடனடி மருத்துவ ஆய்வு அவசியம். இதயக் குறைபாடு உறுதியானால், 2017-ல் தொடங்கப்பட்ட 'ஹிருத்யம்' திட்டத்தின் இணையதளத்தில் குழந்தையின் விவரம் பதிவாகும். நோயின் அவசரத்தைப் பொறுத்து, அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலோ இலவச அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது.

முடிவு வரும்போது தாய் எங்கே?

குதிகால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறந்து 48 மணி நேரம் கடந்திருப்பது நல்லது. தைராய்டு குறைபாடு இருந்தால், இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

தோட்டக் குடும்பங்களில் இங்குதான் சிக்கல் எழுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு செல்லும் வழக்கத்தால், பல பெண்கள் எல்லை தாண்டித் தேனி, தென்காசி மாவட்டங்களுக்குச் செல்கின்றனர். ஒரு மாநிலத்தில் பிறந்து மற்றொரு மாநிலத்தில் வளரும் குழந்தையின் பரிசோதனை முடிவு, உரிய சுகாதாரப் பணியாளரின் கைக்கு வந்து சேர வேண்டும். லயங்களில் வசிக்கும் குடும்பத்தின் கைபேசி எண் மாறினாலே அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பதை 1951-ம் ஆண்டின் சட்டம் நிர்வாகங்களின் கடமையாக்கியது. ஆனால், 2000-ம் ஆண்டு வாக்கில் பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, அந்த வசதியும் அவற்றுடன் சேர்ந்து முடங்கியது.

சிகிச்சையின் படிநிலை

தேசிய வழிகாட்டுதலின்படி, பிரசவம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு மூலை இருக்க வேண்டும். அடுத்த நிலை, குழந்தையின் உடல்நிலையைச் சீராக்கும் பிரிவு. மாவட்ட மருத்துவமனை அளவில் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு அமையும். வென்டிலேட்டரும் அறுவை சிகிச்சையும் தேவைப்படும் குழந்தைகள் அதற்கும் மேலான மையங்களுக்கு அனுப்பப்படுவர்.

இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியில் 2022-ல் 100 இடங்களுடன் மாணவர் சேர்க்கை மீண்டும் தொடங்கியது மாவட்டத்துக்கு வலு சேர்த்துள்ளது. எனினும், பச்சிளம் குழந்தைக்கான இதய அறுவை சிகிச்சைக்கு மாவட்டத்துக்கு வெளியேதான் செல்ல வேண்டும். இடுக்கியில் ரயில் பாதையும் இல்லை.

வழியில் காத்திருக்கும் ஆபத்து

2019 ஏப்ரலில், மங்களூருவில் இருந்து இதயக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தை ஒன்று ஆம்புலன்ஸில் சுமார் 400 கிலோமீட்டர் கடந்து ஐந்தரை மணி நேரத்தில் கொச்சி வந்தடைந்தது. முதலமைச்சரே வேண்டுகோள் விடுக்க, மக்கள் சாலையை விட்டு விலகி வழி தந்தனர். மலைப்பாதையில் அப்படி விலக இடமில்லை. சபரிமலை பருவத்தில் குமுளி வழியே வரும் வாகனங்கள் கோட்டயம் சாலையை நிறைக்கின்றன. மழைக்காலத்தில் மண்சரிவு அச்சம். 2021 அக்டோபரில் பீர்மேடு வட்டத்துக்கு உட்பட்ட கொக்கையாறில் ஏற்பட்ட நிலச்சரிவில் குழந்தைகளும் உயிரிழந்தனர்.

பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ரத்தச் சர்க்கரை குறையும். ஆக்ஸிஜன் தேவை உயரும். பனி சூழ்ந்த மலையில் அது எளிதில் நிகழும். சில இதயக் குறைபாடுகளில், கருவில் திறந்திருந்த ரத்தக் குழாய் மூடிக்கொள்ளாமல் இருக்கும் வரைதான் குழந்தைக்கு உயிர். அதைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்து உள்ளது. ஆனால் அதைப் பாதுகாப்பாகச் செலுத்தவும், மூச்சுத் தடைபட்டால் சமாளிக்கவும் பயிற்சி பெற்றவர் உடன் வர வேண்டும்.

அடுத்து என்ன?

பரிந்துரைக்கப்படும் பச்சிளம் குழந்தைக்கு இலவச வாகன வசதியை 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் உறுதி செய்கிறது. வாகனம் கிடைப்பது முதல் படி மட்டுமே; இன்குபேட்டரும் பயிற்சி பெற்ற செவிலியரும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவையின் கீழ், பச்சிளம் குழந்தைகளுக்கெனத் தனி ஆம்புலன்ஸ்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. கோட்டயம் சாலை அடைபடும் நாளில், எல்லைக்கு அப்பால் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. குழந்தையின் பரிசோதனை விவரங்களையும் காப்பீட்டையும் இரு மாநிலங்களும் பரஸ்பரம் ஏற்றுக்கொண்டால், குமுளி சோதனைச் சாவடி மருத்துவத்துக்கு எல்லையாக இருக்காது.

கண்டறியும் பணியில் கேரளம் முன்னேறியுள்ளது. கண்டறியப்பட்ட குழந்தை எத்தனை மணி நேரத்தில் உரிய படுக்கையை அடைந்தது என்பதையும் வட்டம் வாரியாகக் கணக்கிட்டு வெளியிட்டால்தான், பீர்மேடு போன்ற மலைப்பகுதிகளின் உண்மை நிலை சராசரிக்குள் மறையாமல் தெரியவரும்.