முந்நூறு வெள்ளியில் முடிந்த விபத்து

பெற்றோர்க்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சில காலமாக மனம் உறுத்திக்கொண்டிருந்தது. தேர்வுத்தாள் திருத்தும் பணி குறுக்கிட்டதால் தள்ளிப்போயிற்று. இன்று எழுதுவது இலக்கணமும் அன்று. கட்டுரைப் பயிற்சியும் அன்று. சாலை விபத்தைப் பற்றியது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவள் வீட்டிற்கே சென்றேன். எங்கள் பள்ளியின் பெயரில் இன்றும் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. குடும்பங்கள் பகாவ் சுற்றுவட்டத்துத் தாமான்களின் மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. வேலை மட்டும் பழைய தோட்டத்திலேயே. அதனால் ஒரு காலத்தில் லயத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போனவர்கள் இப்பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பெருஞ்சாலையில் செல்கிறார்கள். கும்மிருட்டு, மூடுபனி, பாரம் ஏற்றிய லாரிகள், போதாக்குறைக்கு அவிழ்த்துவிட்ட மாடுகள்!

மாணவியின் தந்தை காலில் கட்டோடு பாயில் கிடந்தார். பழக்குலை வெட்டும் தொழிலாளி. தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் திரும்பும் வேளையில் பின்னால் வந்த கார் ஒன்று முந்த முயன்று அவர்மேல் உரசித் தள்ளிவிட்டது. காரோட்டி இறங்கி வந்து தூக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்டார், சட்டைப்பையில் 300 வெள்ளியைத் திணித்தார், போலீசுக்கெல்லாம் போகவேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றார். இவரும் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாலையில் கால் வீங்கியது. மறுநாள் மருத்துவமனையில் படம் எடுத்தபோது கணுக்கால் எலும்பில் முறிவு. ஆறு வாரம் மருத்துவ விடுப்பு. மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட ஆளில்லை.

“கார் நம்பர் எழுதி வெச்சீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு.”

“போலீஸ்ல புகார்?”

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “மோட்டார் இன்சூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு சார். போனா என்னையதான பிடிப்பாங்க?”

அந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நம் மக்களிடம் இந்த அச்சம் மிகப் பரவலாக இருக்கிறது. காப்புறுதி காலாவதி, உரிமம் இல்லை, விளக்கு எரியவில்லை என்று ஏதோ ஒரு குறை நம் பக்கத்தில் இருக்கும். அந்தக் குறையை மறைக்கப்போய், நமக்கு நேர்ந்த பெரிய தீங்கையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. காப்புறுதி இன்றி வண்டி ஓட்டியது குற்றமே. அதற்குரிய தண்டத்தைக் கட்டத்தான் வேண்டும். ஆனால், பிறருடைய கவனக்குறைவால் கால் முறிந்தவர் அவரிடமும் அவருடைய காப்புறுதி நிறுவனத்திடமும் இழப்பீடு கோரும் உரிமை அதனால் அழிந்துவிடுவதில்லை.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. விபத்தில் யாருக்கேனும் எதற்கேனும் சேதம் நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும்; பெயர், முகவரி, வண்டி விவரங்களைத் தர வேண்டும்; காயம்பட்டோர்க்கு உதவ வேண்டும்; இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். காயத்தால் போக இயலாத நிலையில் இருப்பவர்க்கு மட்டுமே விலக்கு. உயிர்ச்சேதமோ கடுங்காயமோ இருந்தால் காவல்துறை அனுமதியின்றி வண்டியை நகர்த்தவும் கூடாது. “தோட்டத்துச் சாலைதானே, அங்கு என்ன சட்டம்?” என்று ஒரு பெற்றோர் கேட்டார். பொதுமக்கள் புழங்கும் சாலை யாருக்குச் சொந்தமானாலும் இச்சட்டத்தின் பார்வையில் சாலைதான்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையம் சென்றேன். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று பணியிலிருந்தவர் கடிந்துகொண்டார், நியாயந்தான். பின்னர்ப் புகாரைப் பதிவுசெய்தார். என்ன பயன்? வண்டி எண் இல்லை. நிறம் ஏதோ சாம்பல் என்றார். அந்தக் காரோட்டியின் காப்புறுதியிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய வலிக்கும் முறிவுக்குமான இழப்பீடு 300 வெள்ளியோடு போயிற்று. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்கைத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. விபத்தில் உயிர் போயிருந்தால் குடும்பத்தார் தமக்காகக் கோர 3 ஆண்டு. அவகாசம் இருந்து என்ன செய்ய, யார்மீது தொடுப்பது என்றே தெரியாதபோது?

ஒன்று மட்டும் மிஞ்சியது. சொக்சோ! 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலையிடத்திற்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் வேலையிட விபத்தாகவே கொள்ளப்படும். குற்றம் யாருடையது என்று அங்கே கேட்பதில்லை. நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடக்க உதவியாகக் கிடைக்கும். இடையில் வேறெங்கும் விலகிப் போகாமல் வழக்கமான பாதையில் சென்றிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. முதலாளி 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். பாரம் 21 நிரப்ப வேண்டும். பயணப் பாதையின் வரைபடம், மருத்துவ விடுப்புச் சான்று, அவற்றோடு போலீஸ் புகார். தோட்ட அலுவலகத்துக் கிராணி கேட்ட முதல் கேள்வியே “ரிப்போட் எங்கே?” என்பதுதான். தாமதத்திற்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்தோம். பணம் வந்து சேர்ந்தபோது அவர் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. மாணவியின் காதுத்தோடு காணாமற்போயிருந்தது.

பிறர் குறையை மட்டும் பேசுவது முறையாகாது. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சிரம்பானிலிருந்து கோலப்பிலா வரும் வழியில், புக்கிட் புத்துஸ் அருகே நல்ல மழை. முன்னே சென்ற மைவியின் பின்புறத்தில் மோதினேன். இடைவெளி விடாதது என் பிழை. புகார் எழுதப் போகுமுன் நண்பரொருவர் தொலைபேசியில் அறிவுரை தந்தார்: “முன் வண்டி திடீர்னு பிரேக் போட்டான்னு எழுதுங்க சார். உங்க என்.சி.டி. தப்பிக்கும்.”

அந்த அறிவுரையை ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காலையில் நன்னெறிப் பாடம் நடத்தியவன்! ஆனால் முன் வண்டி திடீரென நிற்கவில்லை. சாலை விளக்கு சிவப்பாகியிருந்தது. அதையே எழுதினேன். விசாரித்த அதிகாரி எனக்கு 300 வெள்ளி சம்மன் தந்தார். மைவி ஓட்டிவந்த அம்மையார் முழுக் காப்புறுதி வைத்திருந்ததால், பட்டறைக்காரர்கள் ‘நாக் ஃபார் நாக்’ என்று சொல்லும் முறையில், தம் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே கோரித் தம் என்.சி.டி. குறையாமல் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டார். குற்றம் தம்முடையதன்று எனும்போது இவ்வழி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

நானும் என் காருக்காகக் கோரிக்கை வைத்தேன், என்.சி.டி. சுழியமாயிற்று. கணக்கு ஆசிரியர் அல்லேன். ஆயினும் ஒரு கணக்கு. தள்ளுபடிக்கு முன் ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் 1,000 வெள்ளி எனக் கொள்வோம். 55 விழுக்காடு தள்ளுபடி பெற்றவர் 450 கட்டுவார். கோரிக்கை வைத்த பின் அடுத்த புதுப்பிப்பில் முழுத்தொகை 1,000. அதன் பின் ஆண்டுதோறும் 25, 30, 38.33, 45 விழுக்காடு என ஏறி மீண்டும் 55 வரும்வரை கூடுதலாகக் கட்டுவது ஏறத்தாழ 1,367 வெள்ளி. ஆகவே உங்கள் காரின் பழுதுச் செலவு அதற்கும் குறைவானால் கைப்பணத்தில் செய்துகொள்வதே இலாபம். கோரிக்கை வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். புகார் செய்வது விருப்பம் அன்று, கடமை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உண்மையை எழுதுவது வேறு, சாலையோரத்தில் நின்றுகொண்டு “எல்லாம் என் தப்பு, நானே கட்டுகிறேன்” என்று வாக்களிப்பது வேறு. காப்புறுதி நிறுவனத்தைக் கேளாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். என் வகுப்பில் சொல்வதைத்தான் இங்கும் சொல்வேன்: கண்டதை எழுது, தீர்ப்பு எழுதாதே. எந்தத் திசை, எந்த வழித்தடம், எவ்வளவு வேகம், விளக்கு என்ன நிறம், சாலை ஈரமா என்பவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். குற்றம் யாருடையது என்பது அவ்வளவு எளிதாகத் தெரிந்துவிடுவதில்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் மிதிவண்டி ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் கார் மோதி மாண்டார்களே, அந்த வழக்கில் காரோட்டிய இளம்பெண்ணைக் கீழ்நீதிமன்றம் 2019இலும் 2021இலும் விடுவித்தது; உயர்நீதிமன்றம் 2022இல் ஆறாண்டுச் சிறை விதித்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் மீண்டும் விடுவித்தது. நீதிமன்றங்களே இவ்வாறு மாறுபடும் ஒன்றைக் கூட்டம் கூடி இரைச்சலிடும் சாலையோரத்தில் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட முடியுமா?

ஆசிரியர்களுக்கென்று ஒன்று. போட்டிகளுக்கு மாணவர்களை நம் சொந்தக் காரிலேயே ஏற்றிச் செல்கிறோம். நானும் பல முறை சென்றிருக்கிறேன். நம் நாட்டில் சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதி, நாம் மோதும் வெளியாரைத்தான் காக்கும். நம் காருக்குள் அமர்ந்திருக்கும் பயணியை அன்று! முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் “பயணிகள்பால் சட்டப் பொறுப்பு” என்னும் இணைப்பைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். முகவர்கள் அதை எல்.எல்.பி. என்பார்கள். கூடுதல் கட்டணம் பெருந்தொகை அன்று. என் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அது இல்லை. யார் வீட்டுப் பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு எத்தனை முறை அந்த மலைப்பாதையில் போயிருக்கிறேன் என்று நினைத்தபோது உடல் நடுங்கியது.

காவல் நிலையத்திற்குப் பெற்றோருடன் போனதை அறிந்த சக ஆசிரியர் ஒருவர், “இதெல்லாம் நமக்கு ஏன் சார்? பாடம் நடத்துவதோடு நிற்போமே” என்றார். அவர் சொல்வதிலும் பொருள் இல்லாமல் இல்லை. இன்று ஒருவர்க்குப் போனால் நாளை பத்துப் பேர் அழைப்பார்கள். ஆனால் அந்தத் தந்தைக்கு மலாய் பேச வரும். எழுத்து வடிவில் வாக்குமூலம் என்றால் நா எழாது. அரை நாள் கூலியை இழந்து, அறிமுகமில்லா மேசைக்குமுன் தனியே உட்கார அவருக்குத் துணிவில்லை. தோட்டத்தில் அக்காலத்தில் விண்ணப்பம் எழுதித் தந்தவர் யார்? கிராணியும் வாத்தியாரும்தாமே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலைக் கூரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் இசைந்துள்ளார்.

சென்ற மாதம் காலை ஆறரைக்கு என் கைப்பேசி ஒலித்தது. அதே தந்தைதான். “சார், முச்சந்தியில நம்ம கூட வேலை செய்யிற தம்பிய லாரி இடிச்சிருச்சு. 999க்கு அடிச்சிட்டேன். லாரிக்காரன் ஐந்நூறு தர்றேங்கிறான். தம்பி வாங்கிக்கலாமான்னு கேக்குறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“லாரி நம்பர போட்டோ பிடிச்சுட்டேன் சார். நாலு பக்கமும் பிடிச்சுட்டேன்.”

பள்ளி மணி ஏழரைக்கு. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.