யமுனாவும் ஆடுதுறை 27-ம்



சென்ற ஆண்டு நம் பேரவை நடத்திய நூல் விமர்சனப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எங்கள் குடும்பத்தில் பரிசு என்று ஒரு பொருள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அதைப் பத்து நாள் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பரிசை வாங்கித் தந்த பேச்சில் ஒரு தப்பு இருந்தது. கைதட்டியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கைதட்டாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தன் கவனித்தான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் பேசிய புத்தகம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. அவர் நம்ம ஊர்க்காரர். மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் 1921-ல் பிறந்தவர். 'சக்தி வைத்தியம்' தொகுப்புக்காக 1979-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். 1982-ல் காலமானார். 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடர்கதையாக வந்த நாவல். 1995-ல் ஞான ராஜசேகரன் அதைப் படமாகவும் எடுத்தார். கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் என்று நாம் தினம் பஸ் ஏறி இறங்குகிற ஊர்கள்தான் கதையில் வருகின்றன. அதனாலேயே எடுத்தேன். அவ்வளவு பெரிய புத்தகத்தை முடிப்பேன் என்று நானே நம்பவில்லை. முடித்துவிட்டேன்!

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பாபு கும்பகோணத்தில் படிக்கிற பிள்ளை. சங்கீதப் பைத்தியம். அவனைவிடப் பத்து வயது மூத்தவள் யமுனா. அவளுடைய அப்பா தமிழ்ப் பிராமணர், வசதியானவர். அம்மா பார்வதி தஞ்சாவூர் மராட்டியப் பெண். மூத்த மனைவி இருக்கும்போதே அவருக்கு இரண்டாவதாக வந்தவள். யமுனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், பார்க்கிறார்கள், பிறப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்து போகிறார்கள். அப்பா போன பிறகு வீட்டில் வறுமை வேறு. பாபு அவள் மேல் ஆசைப்படுகிறான். ஆசை என்பதைவிட, கும்பிடுகிறான் என்றே சொல்ல வேண்டும்.

நான் மேடையில் என்ன பேசினேன் தெரியுமா? "யமுனாவின் அழகுக்கும் அறிவுக்கும் என்ன காரணம்? இரண்டு ரத்தம் கலந்ததுதான் காரணம்! நம் ஆடுதுறை 27 நெல்லைப் போல!" என்றேன். உவமை சும்மா வரவில்லை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் நெல் ஒன்றையும் நம்ம ஜி.இ.பி. 24 நெல்லையும் சேர்த்து உண்டாக்கிய ரகம் அது. 1960-களில் வந்து, தஞ்சாவூர் ஜில்லாவின் குறுவையையே மாற்றிய நெல். அறுப்புக்குப் போன தாத்தா சொல்லி அப்பா, அப்பா சொல்லி நான். எல்லாரும் விவசாய வீட்டுப் பிள்ளைகள்தானே, அரங்கமே கைதட்டியது.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் பைலிங் வகுப்பு. பக்கத்து வைஸில் வேலை செய்த நண்பன் அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "உங்க தாத்தா விதைநெல்லு பொறுக்குற மாதிரி என்னைய ஏன்டா பொறுக்குன?"

எனக்குப் புரியவில்லை. அவனுடைய அம்மா தஞ்சாவூரில் மராட்டி பேசுகிற குடும்பம், அப்பா பாபநாசம் பக்கத்துத் தமிழர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மேடையில் அவன் ஞாபகமே வரவில்லை.

"பாராட்டித்தானடா சொன்னேன்" என்றேன்.

"பாராட்டுனாலும் நெல்லுதானடா!" என்று சொல்லிவிட்டு மறுபடி ராவ ஆரம்பித்தான்.

அப்புறம் டீக்கடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் நல்ல மார்க் வாங்கினால் அப்பா வழிச் சொந்தக்காரர்கள், "மராட்டி ரத்தம்ல, மூளை இருக்கத்தானே செய்யும்" என்பார்களாம். கோபப்பட்டால் அதற்கும், "மராட்டி ரத்தம்ல!" அம்மா வழி வீட்டுக்குப் போனால் அங்கே அவன் பெயர் 'தமிழ்க்காரர் புள்ள'. ராத்திரி கண்முழித்துப் படித்து வாங்கிய மார்க் அவனுடையது இல்லையா? கோபமாவது அவனுடைய சொந்தக் கோபம் இல்லையா? யார் கணக்கிலோ எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நானும் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவன்தான். எங்கேயாவது வேலைக்குப் போனால், "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொன்னதும், "ஊருல எந்தத் தெரு?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம்மில் பலருக்கும் தெரியும். அது தெரிந்த நானே மைக் முன்னால் நின்று யமுனாவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், அலங்காரமாக!

நாவலை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பரிசுக்காக இல்லை.

முதலில் ஒன்று உறைத்தது. பார்வதியை 'வடக்கத்திப் பெண்' என்று வேறு நான் பேசியிருந்தேன். எந்த வடக்கு? சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தது 1670-களில். கடைசி ராஜா வாரிசில்லாமல் இறந்து கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டது 1855-ல். நூற்றெண்பது வருஷ ஆட்சி! அந்த வம்சத்து சகாஜி ராஜா மராட்டி, தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து ஐந்து பாஷையில் ஒரு நாடகமே எழுதியிருக்கிறார். சரபோஜி காலத்தில் தன் வம்ச சரித்திரத்தை மராட்டியில் கல்லில் வெட்டி வைத்தது எங்கே? நம்ம பெரிய கோயில் சுவரில்! 1803-ல் வெட்டியது. பிரதோஷத்துக்குப் போகும்போது அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறோம். பதினொரு, பன்னிரண்டு தலைமுறையாகக் காவிரித் தண்ணீர் குடித்தவர்களை வடக்கத்தியார் என்றால் அப்புறம் இந்த ஊரில் யார்தான் ஊர்க்காரர்? திருவையாற்றில் உட்கார்ந்து தெலுங்கில் பாடிய தியாகையரா? கும்பகோணத்தில் தறி போடுகிற சௌராஷ்டிரக்காரர்களா?

இரண்டாவதாக, 'கலப்பு' என்கிற சொல். கலப்பு மணம் என்று சர்க்கார் சொல்கிறது, உதவித்தொகையும் கொடுக்கிறது. அங்கே அது மரியாதையான சொல். இரண்டு பேர் துணிந்து செய்த ஒரு காரியத்தின் பெயர். அதே சொல்லை அவர்கள் பெற்ற பிள்ளை மேல் ஒட்டினால் என்ன ஆகிறது? பிள்ளை எதையும் செய்யவில்லையே, பிறந்தது மட்டும்தானே! பால்காரரிடம் சண்டை போடுகிற 'கலப்படம்' அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீடு என்பதையும் மறக்கக்கூடாது. சாதி வேறு என்பதற்காக இந்துக்களிடையே நடந்த கல்யாணம் செல்லாமல் போகாது என்று 1949-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பெற்றோர் பிள்ளைக்கு அப்பா சாதியோ அம்மா சாதியோ சொல்லிச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அப்ளிகேஷனில் ஒரு கட்டம்தான் இருக்கிறது. "ரெண்டுல ஒண்ணு எழுதுற ஒவ்வொரு தடவையும் வீட்ல ஒரு ஆளை வெளில நிறுத்துற மாதிரி இருக்கும்டா" என்றான் நண்பன்.

இதைப் படித்துவிட்டு எங்கள் செட்டிலேயே ஒருத்தன் கேட்டான், "அப்படின்னா அந்தப் பேச்சையே விட்டுட வேண்டியதுதானே? வயசு மூத்த பொண்ணைக் காதலிச்ச கதைன்னு சொல்லிட்டுப் போயேன்." படத்தை மட்டும் பார்த்தவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிறப்பை எடுத்துவிட்டால் யமுனாவுக்கு வந்த வரன்கள் ஏன் திரும்பிப் போனார்கள்? அந்த வீடு ஏன் தனித்து நின்றது? எதற்கும் பதில் இல்லை. ஊர் செய்த அநியாயத்தை மறைத்துவிட்டுக் காதலை மட்டும் ரசிப்பது ஊருக்குச் செய்கிற உபகாரம், யமுனாவுக்கு இல்லை.

ஆகவே பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுவது யார் குரலில்? பெண் பார்க்க வந்தவர்கள், "இந்தப் பெண் பிறப்பு அப்படி" என்று நினைப்பது நாவலில் வருகிறது. அது அவர்கள் நினைப்பு. விமர்சனம் எழுதுகிறவன் "அவர்கள் இப்படிச் சொன்னார்கள்" என்று எழுத வேண்டும். நான் 'அவர்கள்' என்பதை விட்டுவிட்டு என் பேச்சாகவே பேசினேன். அவர்கள் குறை என்றார்கள், நான் பெருமை என்றேன். யமுனா என்ன செய்கிறாள், என்ன நினைக்கிறாள் என்று இரண்டு தரப்புமே பார்க்கவில்லை. அவளுடைய பொறுமையும், வருஷக்கணக்காக யாருக்கும் வளையாமல் நின்றதும் அவள் சம்பாதித்தவை. பரம்பரைச் சொத்து இல்லை.

பாபுவையும் இங்கே சும்மா விடமுடியாது. அவளை அம்பாள் போல் வைத்துக் கும்பிடுகிறானே, அதுவும் ஒரு விதத்தில் தள்ளி வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தி.ஜா. அவன் கண்ணால் அவளைக் காட்டும்போது நாமும் மயங்கிப் போகிறோம். நான் மயங்கித்தான் அந்த நெல்லு உவமையைச் சொன்னேன். இது என் அபிப்பிராயம். மறுத்துச் சொல்கிறவர்கள் தாராளமாக வரலாம்.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் ஹென்றி என்று ஒருவன் வருகிறான். வளர்த்தவர்கள் யார் என்று தெரியும், பெற்றவர்கள் யார் என்று தெரியாது. சாதி, மதம் எதுவும் தெரியாது. அது அவனுக்கு ஒரு குறையாகவும் இல்லை. அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் சிரிப்பையும், குணத்தையும், அந்தக் கிராமத்து ஜனங்களோடு பழகுகிற விதத்தையும்தான் பேசுகிறார்கள். ரத்தம் என்ற பேச்சை எடுக்க வழியே இல்லாததால் ஆளைப் பார்க்கிறார்கள். யமுனாவைப் பற்றியும் ஒரு தடவை அப்படி எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

நான்கு பக்கம் வந்தது. ஆடுதுறை 27 இல்லை, வடக்கத்தி இல்லை, ரத்தம் இல்லை. பார்வதி தஞ்சாவூர் மராட்டியப் பெண் என்பதும், அதற்காக ஊர் அந்த வீட்டை எப்படி நடத்தியது என்பதும் இருந்தன. மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால் நண்பனிடம் நீட்டினேன். கேன்டீனில் உட்கார்ந்து படித்தான். ஒரே இடத்தில் பேனாவை எடுத்து அடித்தான். 'பாவம், யமுனா' என்று ஆரம்பித்திருந்தேன். அந்தப் 'பாவம்' மட்டும் போயிற்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பக்கத்துக்கும் மலரில் இடமில்லை என்றார்கள், அதனால்தான் இந்தக் கட்டுரை.

புத்தகத்தை அவன் வாங்கிக்கொண்டு போனான். இப்போது அவன் அம்மா படிக்கிறார்களாம். பாதி தாண்டிவிட்டார்களாம். நூலகத்தில் திருப்ப வேண்டிய தேதி போய் மூன்று வாரம் ஆகிறது, அபராதம் என் கார்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கேட்டால், "அம்மா முடிக்கட்டும்டா" என்கிறான்.