நட்டக் கணக்கும் கடைசி பஸ்ஸும்

அரசு பஸ்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்று ஆண்டுதோறும் ஓர் அழுகுரல் கேட்கிறது. அழுகிறவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் ஏறாதவர்கள் என்பது வேறு விஷயம்!

பாலம் கட்டுகிறோம், அது எவ்வளவு லாபம் தந்தது என்று எவரும் கேட்பதில்லை. பஸ்ஸை மட்டும் தராசில் ஏற்றுவானேன்? 2011 நவம்பரில் கட்டணத்தை ஏற்றினார்கள். 2018 ஜனவரியில் மீண்டும் ஏற்றினார்கள். நட்டம் தீர்ந்ததா?

வரும்படி இல்லாத தடத்தில் முதலாளி பஸ் விடமாட்டான். 1972இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர் சூட்டி அரசு போக்குவரத்துக் கழகங்கள் அமைக்கப்பட்டதன் பயனைப் பட்டிதொட்டியில் இருப்பவரைக் கேட்டால் சொல்வார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. சித்தாள் வேலைக்குப் போகும் தாய்மார் கையில் மாதக் கடைசியில் சில நூறு ரூபாய் மிஞ்சியது. இது எந்தப் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டது?

ஆனால் தோழர்களே, குறையை மூடி மறைப்பது நம் வேலையல்ல. பஸ்ஸை நம்பியவர் தம் நேரத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தவர். அரைமணி நேரம் காத்து நின்றால் இரண்டு பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன; இரண்டிலும் படிக்கட்டில் தொங்கத்தான் இடம்! அதற்குள் ஆலைக் கதவு மூடினால் அரைநாள் கூலி போயிற்று. போன கூலியை டிக்கெட் விலையோடு கூட்டுங்கள். பஸ் மலிவு என்ற பேச்சு எங்கே நிற்கும்? கடைசி பஸ்ஸில் எட்டுப் பேர்தானே என்று அதை நிறுத்திவிட்டால், அந்த எட்டுப் பேர் இழப்பது சினிமாவை அல்ல, வேலையை.

அதனால்தான் தொழிலாளி தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. தவணை, பெட்ரோல், பழுது என்று கூலி கரைவது அவருக்கே தெரியும். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போன சாலையில் இப்போது ஐம்பது வண்டிகள். நெரிசலில் பஸ் மேலும் தாமதமாகிறது. பொறுமையிழந்து இன்னும் பத்துப் பேர் விலகுகிறார்கள். வசூல் குறைந்தது என்று டிரிப்பை வெட்டுகிறார்கள்! நோய் இங்கே இருக்கிறது, நட்டக் கணக்கில் இல்லை.

டிரைவர், கண்டக்டர் மீது பாய்வதிலும் பயனில்லை. 2024 ஜனவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, காலியிடங்களை நிரப்புங்கள் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. ஓட்ட ஆளில்லாமல் டெப்போவில் நிற்கும் பஸ் எப்படி நேரத்துக்கு வரும்?

கட்டணத்தைப் பற்றி அடுத்த முறை கூடிப் பேசுமுன், அதிகாரிகள் ஒரு வாரம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பார்க்கட்டும். வெளியே வருபவர் எத்தனை பேர், வந்த பஸ் எத்தனை, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி, அந்தக் கணக்கையும் நட்டக் கணக்கோடு சேர்த்து வெளியிடட்டும்.