டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்தான்... சிங்கப்பூரிலிருந்து உடையார்பாளையம் வந்து சேர உண்மையில் எவ்வளவு நேரம்?

உடையார்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உடனே வரும் கேள்வி: "பையன் எப்ப வந்து சேருவான்?" பையன் இருப்பது சிங்கப்பூரில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. புறப்பாடு இரவு 9 மணி, திருச்சி வருகை 10.30. "ஒன்றரை மணி நேரம்தானே" என்கிறார் சித்தப்பா. "அது சிங்கப்பூர் டைம், நமக்கு எட்டு மணிதான்" என்கிறார் மாமா. இரண்டு பேருமே தப்பு.

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. பறப்பது சுமார் 4 மணி நேரம். திருச்சியில் 10.30-க்கு இறங்குவது நம்ம நேரம்தான், அதில் எதையும் கழிக்க வேண்டாம்.

துபாய் என்றால் கணக்கு தலைகீழ். திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., துபாய் சுமார் 2,940 கி.மீ. வித்தியாசம் திருச்சியிலிருந்து லால்குடி போய்வரும் தூரம்தான். ஆனால் துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 9-க்கு ஏறினால் இங்கே இறங்குவது அதிகாலை 2.30 வாக்கில். அதே நாலு மணி நேரப் பயணம், டிக்கெட்டில் ஐந்தரை மணி நேரமாகத் தெரியும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்று வீசும். 1950-களில் இதைக் கண்டறிந்து விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி.கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானத்தை இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும், போகும்போது எதிர்க்கும். இதெல்லாம் நிமிடக் கணக்குதான்.

மணிக்கணக்கில் நேரத்தைத் தின்பது தரை. தங்கும் அறையிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். திருச்சியில் இறங்கியதும் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது என ஒரு மணி நேரம். பிறகு உடையார்பாளையம் வரை ஏறக்குறைய 100 கி.மீ. சாலை, ராத்திரியில் கார் கிடைத்தால் இரண்டரை மணி நேரத்துக்குள். கூட்டினால் பதினொன்றரை மணி நேரம். பறக்கும் நேரத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அன்றைக்கே சீட் கிடைத்தால்தான் இந்தக் கணக்கும்!

ஆக, அந்தப் பையன் வாசலில் வந்து நிற்பது அதிகாலை 2 மணிக்கு. ஃப்ரீசர் பாக்ஸ் சொல்வதா, இன்றைக்கே எடுப்பதா என்று பெரியவர்கள் முடிவு செய்வது இந்த நேரத்தை வைத்துத்தான். டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து டைப் செய்துவிடலாம்: "நம்ம ஊர் நேரப்படி, வீட்டுக்கு வர ராத்திரி 2 மணி ஆகும்."