ஒளிக்கேது குலம்?

மன்னனுக்கு முகம் இருந்தது. மாளிகைச் சுவரிலே அது தொங்கிற்று. மதகுருவுக்கு முகம் இருந்தது. சீமானுக்கு முகம் இருந்தது. சீமாட்டி மடியிலே தவழ்ந்த செல்ல நாய்க்குக்கூட முகம் இருந்தது! ஓவியன் தீட்டினான், தங்கச் சட்டம் தாங்கிற்று, தலைமுறைகள் கண்டு களித்தன.

ஆனால், அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவனுக்கு? செருப்புத் தைத்தவனுக்கு? சீமாட்டியின் ஆடையை வெளுத்தவளுக்கு? அவர்களுக்கு முகமே இல்லையா? இருந்தது, தோழர்களே, இருந்தது! அவர்கள் மறைந்த அன்றே அதுவும் மறைந்தது. பாட்டன் எப்படி இருந்தான் என்று பேரன் கேட்டால், எடுத்துக் காட்ட ஏழை வீட்டிலே ஏதுமில்லை. வறுமை வயிற்றை மட்டுமா வாட்டிற்று? வரலாற்றிலிருந்தே முகத்தைத் துடைத்தெறிந்தது!

அந்த அநீதியை அசைத்தவன் யார்? அருள்பாலிக்க வந்த அவதார புருடனா? அல்ல! அமெரிக்கச் சிற்றூர்களின் புழுதிப் பாதையிலே, குதிரை வண்டியில் ஒரு மரப்பெட்டியையும் சில மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தானே ஊர் சுற்றும் நிழற்படக்காரன், அவன்தான்!

1839 ஆகஸ்ட் 19. பாரிசு நகரிலே அறிஞர் அவை கூடிற்று. ஒளியைக் கொண்டே உருவத்தைத் தகட்டில் பதிக்கும் டாகெரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டாகெருக்கும், மறைந்த அவர் கூட்டாளி நியெப்சின் மகனுக்கும் பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் அளித்து, அந்த அறிவை அனைவருக்கும் பொதுவாக்கிற்று. இங்கிலாந்திலே மட்டும் டாகெரின் பெயரால் காப்புரிமை வேலி போடப்பட்டது. அங்கே தொழில் நடத்த உரிமம் வாங்கவேண்டும். வேலியில்லாத அமெரிக்காவிலோ பயிர் செழித்தது. நேற்றுவரை வேறு வேலை பார்த்தவன் சில நாளிலே தொழில் கற்று, ஊர் ஊராகப் புறப்பட்டான். அறிவைப் பூட்டி வைத்தால் என்ன நேரும், திறந்து விட்டால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விடுதியின் மாடியறையை வாடகைக்கு எடுப்பான். வெளிச்சம் மிகுந்த சன்னலருகே நாற்காலி போடுவான். 'சில நாட்களே தங்குவேன், விரைந்து வருக' என்று உள்ளூர் ஏட்டிலே விளம்பரம் தருவான். வெள்ளி பூசிய செப்புத் தகட்டைத் துலக்கி, அயோடின் ஆவி காட்டி, ஒளியை உணரச் செய்வான். அமர்ந்தவர் தலை அசையாதிருக்க, பின்னே ஓர் இரும்புக் கவ்வி! பிறகு, பாதரச ஆவியிலே தகட்டைக் காட்டி உருவத்தை வெளிக்கொணர்வான். அந்த ஆவி நஞ்சு. பிறர் முகம் நிலைக்க, தன் உடலை நலிவித்துக்கொண்ட தொழிலாளி அவன்!

தொடக்கத்திலே சில டாலர் விலை. 1850களிலோ இருபத்தைந்து செண்டுக்கும் படம் கிடைத்தது. 1856இல், ஒகையோ மாநிலத்துப் பேராசிரியர் ஹாமில்டன் ஸ்மித், மலிவான இரும்புத் தகட்டிலே படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பாசறை தோறும் படக்காரர்கள் சென்றனர். போருக்குப் போன மகன் திரும்பாவிட்டாலும், அவன் முகம் தாயின் கையிலே தங்கிற்று.

பொறுக்குமா மேட்டுக்குடிக்கு? 'கலை செத்தது' என்று கூக்குரல்! பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1859இல் சீறினார்: தேறாத ஓவியர்கள் ஒதுங்கும் புகலிடம் இந்தத் தொழில் என்றார். கவிஞரே, ஏழையின் முகம் சுவரேறியதும் கலை செத்துவிட்டதா? அதுவரை எத்தனை ஓவியர் உழைப்பாளியின் குடிசைக் கதவைத் தட்டினர்?

ஃபிரெடெரிக் டக்ளஸைக் கேளுங்கள்! அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, உலகறிந்த பேச்சாளராய் உயர்ந்தவர். வெள்ளை ஓவியர்கள் கறுப்பின மக்களை உள்ளபடி தீட்டமாட்டார்கள், மனத்திலுள்ள வெறுப்பைத்தான் தீட்டுவார்கள் என்று 1849இலேயே சாடியவர். படப்பெட்டியின் முன்னே அவர் நிமிர்ந்து அமர்ந்தார்; ஒருமுறை அல்ல, ஏறத்தாழ 160 முறை! 19ஆம் நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்கின்றனர் ஆய்வாளர். 1861இல் பாஸ்டன் நகரிலே இதைப்பற்றியே சொற்பொழிவாற்றினார். முன்பு மன்னராலும் வாங்க முடியாதது இன்று பணிப்பெண்ணுக்கும் கிட்டுகிறது என்று மகிழ்ந்தார்.

ஜேம்ஸ் பிரெஸ்லி பால் என்னும் கறுப்பினத்தவர் 1845இல் தொழில் தொடங்கி, முதலில் தோற்று, ஊர் ஊராய் அலைந்து, பின்னர் சின்சினாட்டி நகரிலே புகழ்பெற்ற படக்கூடம் நிறுவினார். ஆற்றுக்கு இக்கரையில் அவர் உரிமையுள்ள மனிதர். அக்கரையான கென்டக்கியிலோ அவருடைய இனத்தார் விற்பனைச் சரக்கு! அடிமையாயிருந்த சோஜர்னர் ட்ரூத் அம்மையார், தம் படத்துக்குத் தம் பெயரிலேயே 1864இல் உரிமை பதிந்து, அதை விற்றுப் பிழைத்தார். உடலையே பிறர் விற்றார்கள் ஒரு காலம். தன் நிழலைத் தானே விற்றார் மறு காலம்!

அப்படியானால், கருவி வந்தது, கொடுமை ஒழிந்தது என்று கைகொட்டலாமா? அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்!

1850. தென் கரோலினாவின் கொலம்பியா நகரம். ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று சாதிக்க விரும்பினார். அதற்காக அடிமைகள் எழுவர் உடை களையப்பட்டுப் படப்பெட்டியின் முன்னே நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ரெண்டி என்ற முதியவரும் அவர் மகள் டீலியாவும் இருந்தனர். அதே கண்ணாடி, அதே வெள்ளித் தகடு! டக்ளஸுக்குத் தகுதி தந்த கருவி, டீலியாவின் தன்மானத்தைப் பறித்தது. ரெண்டியின் வழிவந்தவர் என உரிமை கோரிய பெண்மணி ஒருவர் 2019இல் வழக்குத் தொடுத்தார். 2025இல்தான் பல்கலைக்கழகம் அப்படங்களைக் கைவிட இசைந்தது. 175 ஆண்டு!

மூடநம்பிக்கையும் கருவியின் முதுகிலே ஏறிக்கொண்டது. இறந்தவரின் ஆவியைப் படமெடுத்துத் தருவதாகக் கடை விரித்தார் வில்லியம் மம்லர். 1869இல் நியூயார்க் நீதிமன்றத்திலே, ஆவியில்லாமலே ஆவிப்படம் ஆக்கலாம் என்று தொழிலறிந்தோர் எடுத்துரைத்தனர். லிங்கனின் 'ஆவி'யோடு தாம் நிற்கும் பொய்ப்படம் ஒன்றை வேண்டுமென்றே எடுக்கச் செய்து காட்டினார் பார்னம். ஆனாலும், சான்று போதாதென்று மம்லர் விடுவிக்கப்பட்டார். மகனை இழந்த தாயின் கண்ணீர் அவருக்கு முதலீடு! ஏமாந்தவரை எள்ளாதீர், ஏய்த்தவரைக் கேளுங்கள்.

இளைஞனே, அன்று ஊருக்கு எப்போதோ வந்த பெட்டி, இன்று உன் சட்டைப் பையிலே கிடக்கிறது. படம் எடுக்கத் தெரிந்தவன் நீ; படத்தைக் கேள்வி கேட்கத் தெரியுமா? எடுத்தவன் யார்? எதற்காக எடுத்தான்? முன்னே நின்றவர் விரும்பி நின்றாரா, நிறுத்தப்பட்டாரா? காட்டுவது உண்மைதானா? இவற்றைக் கேளாமல் கைக்குக் கை மாற்றுகிறவன், மம்லரின் கடைக்கு இன்னும் கூலியில்லா ஆள்!

ஒளிக்குக் குலம் இல்லை. குடிசையிலும் விழும், கோட்டையிலும் விழும். பெட்டியைப் பிடித்த கைக்குத்தான் குலச்செருக்கு. ஆகவே, கருவியைக் கும்பிடாதே, கருவியைக் கண்டு மிரளாதே; கையிலே எடு! கண்ணைத் திறந்துகொண்டு எடு! உன் பாட்டிக்கும் ஒரு முகம் உண்டு. அதை அவள் விரும்பும் வண்ணம், நிமிர்ந்த தலையோடு, நிலைநாட்டு!