ஓரியின் நாணம்

செம்மேட்டில் சிலையாக நிற்கும் எங்கள் கொல்லிமலை ஓரி, பாணர்க்கு மானிறைச்சியும் பொன்னும் தந்தவன். பாட்டில் தன் பெயர் வந்ததும் நாணினான் என்கிறது புறநானூறு 152. கலைக்கு நிதி திரட்டும் நகரத்து விருந்துகளில் அந்த நாணம் கிடையாது. சீட்டு வாங்கித் தின்றவன் பெயர் பதாகையில், ஓவியன் சுவரோரத்தில். தின்றதே தர்மமாகிவிடுகிறது.

1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சோழமண்டலத்தை எழுப்பிய ஓவியர்கள், பாத்திக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்து மணலை வாங்கினார்கள். இன்று அந்தக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள், உணவகங்கள். நடுவே சோழமண்டலம் இருக்கிறதென்றால், மனை ஓவியர்களுடையது என்பதால்தான். வாடகைக் குடியாக இருந்தால் எப்போதோ கிளப்பியிருப்பார்கள்.

வங்கிக் குமாஸ்தாவுக்கும் தெரிந்த கணக்கு இது: விருந்து செலவு, மனை சொத்து. கலைக்கு உதவ வந்த கனவான்களே, படத்தை விலை கொடுத்து வாங்குங்கள். சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.